ரேஸ், ரெக்கார்டு, ஏக்கம்

‘அந்தக் காலத்தில்’ என்று தொடங்குகிற எழுத்து தமிழில் இப்போது தனியொரு இலக்கிய வகை என்று சொல்லுமளவுக்குப் பெருத்துவிட்டது. பழைய கிராமபோன், பழைய கார், பழைய தியேட்டர், பழைய டபரா செட். சென்ற ஆண்டு ராஜபாளையத்தில் நாங்கள் கூடுகிற வாசகர் கூட்டத்தில் நண்பர் ஒருவர் இப்படியொரு கட்டுரை வாசித்தார். சோழவரம் கார்ப் பந்தயங்களையும் அமெரிக்கக் கறுப்பர்களின் பழைய ஜாஸ், ப்ளூஸ் இசைத்தட்டுகளையும் ஒன்றாக வைத்து, இயந்திரத்துக்கும் ஆன்மா இருந்த காலம் அது என்று முடித்திருந்தார். நல்ல வாசகர், நல்ல காது உள்ளவர். பெஸ்ஸி ஸ்மித்தை நான் முதலில் கேட்டதே அவர் வீட்டில்தான். ஆனாலும் கூட்டத்திலேயே சண்டை போட்டேன். வாய்ச்சண்டையாகப் போனதைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ‘நாஸ்டால்ஜியா’ என்பது 1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் உண்டாக்கிய சொல். வெளியூரில் இருக்கிற சுவிட்சர்லாந்துக்காரர்களுக்கு வந்த ஊர் நினைப்பு நோய்க்கு அவர் வைத்த பெயர். பிறகு அது இடத்திலிருந்து காலத்துக்கு மாறியது. வீடு திரும்ப முடியாத நோய், இளமைக்குத் திரும்ப முடியாத நோய் ஆயிற்று. இதைத் தமிழில் ‘ஏக்கம்’ என்று பெயர்க்கிறோம். பெயர்ப்பு சரியில்லை என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு என்னவோ பெயர்ப்பு மூலத்தைவிட நன்றாக இருப்பதாகப் படுகிறது. ஏனென்றால் ஏக்கத்துக்குக் காலம் கிடையாது. இருந்து போனதற்கும் ஏங்கலாம், ஒருநாளும் கைக்கு வராததற்கும் ஏங்கலாம். “புள்ள ஏங்கிப் போச்சு” என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், பிள்ளை எதையோ இழந்தது என்று அர்த்தமில்லை. அடுத்த வீட்டுப் பிள்ளை கையில் இருந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றது என்று அர்த்தம். நாஸ்டால்ஜியா, உடைமை இருந்தவனின் உணர்ச்சி. ஏக்கம் இரண்டு பேருக்கும் பொது. நண்பரின் கட்டுரையில் இருந்ததும், பொதுவாக இந்த வகைக் கட்டுரைகளில் இருப்பதும் முதல் வகை மட்டும்தான். இரண்டாம் வகை ஏக்கத்தின் பக்கமிருந்து அதே கார்களையும் அதே தட்டுகளையும் பார்த்தால் என்ன தெரிகிறது?

சோழவரத்திலிருந்து தொடங்கலாம். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம், சென்னைக்கு வடக்கே. போர் முடிந்தபின் சும்மா கிடந்த ஓடுதளத்தில் கார் ஓட்டிப் பார்த்தார்கள். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத்தடம் வரும்வரை இந்தியாவில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம் என்ற நிலை இருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி மேலாளர்கள், கோண்டல் சமஸ்தானத்து இளவரசர், கோயம்புத்தூர் மில் குடும்பத்துப் பிள்ளைகள், 1980களின் தொடக்கத்தில் என்சைன் என்ற பழைய ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டிய விஜய் மல்லையா (2016-இல் இதைவிட வேகமாக நாட்டைவிட்டே போனவர்). ஓட்டினவர்கள் பட்டியலைப் படித்தால் அது அன்றைய இந்திய முதலாளித்துவத்தின் குடும்பப் படம் மாதிரி இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தது. வெளிநாட்டுப் பந்தயக் கார் நாலைந்து பேருக்குத்தான் வாய்க்கும். மற்றவர்கள் ஓட்டியது அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு இன்ஜின்களைப் பிரித்து, லேத்தில் கடைந்து, சேஸை வெட்டி ஒட்டி, டிங்கர் வேலை செய்து, இங்கேயே கட்டின வண்டிகள். கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் மாருதி இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, கொஞ்சம் பணம் இருந்தால் யாரும் பந்தயத்துக்கு வரலாம் என்ற நிலையை உருவாக்கினார். 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. கையில் கிரீஸ் பட்ட முதலாளி அவர். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அதே கோவையிலிருந்துதான் வந்தார். ஏன் கோவை என்பதற்குப் பதில் எளிது. பஞ்சாலை, பஞ்சாலைக்கு மோட்டார், மோட்டாருக்கு ஃபவுண்டரி, ஃபவுண்டரிக்கு லேத்துப் பட்டறை. பணமும் பட்டறையும் ஒரே ஊரில் இருந்தன.

ஆனால் நான் படித்த சோழவர நினைவுக் குறிப்புகளில் பட்டறைக்காரர்களுக்குப் பெயர் கிடையாது. ‘என் மெக்கானிக்’ என்று வரும். ‘பாவம், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை’ என்று வரும். காரின் மாடல் தெரியும், எத்தனை சிசி என்று தெரியும், எந்தச் சுற்றில் கிளட்ச் போனது என்று தெரியும். கிளட்சை மாற்றினவன் யார் என்று தெரியாது. இயந்திரத்துக்கு ஆன்மா இருந்த காலம் என்று நண்பர் எழுதுகிறாரே, அந்த ஆன்மாவுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும், ஒரு தெரு இருந்திருக்கும், அந்தத் தெருவுக்கு ஒரு சாதி இருந்திருக்கும். காரைப் போற்றும் சொல்லாடல் அந்த ஆளை மறைத்துவிட்டுத்தான் காருக்கு ஆன்மா தருகிறது. சரக்குக்கு மாயம் ஏற்றுவது பற்றி மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

அமெரிக்காவில் இதே கதை தோலின் நிறத்தோடு நடந்தது. இண்டியானாபோலிஸ் 500 பந்தயத்தில் கறுப்பர்களை விடவில்லை. அதனால் 1924-இல் அதே ஊரில் கறுப்பு ஓட்டுநர்களுக்கென்று தனிப் பந்தயம் தொடங்கினார்கள். அதில் பலமுறை வென்ற சார்லி விக்கின்ஸ் அடிப்படையில் ஒரு மெக்கானிக். 500 பந்தயத்தில் ஒரு கறுப்பர் ஓட்ட 1991 ஆயிற்று (வில்லி டி. ரிப்ஸ்). இன்னொருவர் வெண்டல் ஸ்காட். வர்ஜீனியா மாநிலத்துக்காரர், தன் காரைத் தானே ரிப்பேர் பார்த்து ஓட்டினவர். 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் பந்தயத்தில் அவர்தான் ஜெயித்தார். ஆனால் வெற்றிக்கொடி அவருக்கு அசைக்கப்படவில்லை. இரண்டாவதாக வந்த வெள்ளைக்காரரை வெற்றியாளர் என்று அறிவித்துக் கோப்பையையும் கொடுத்துவிட்டார்கள். கூட்டமெல்லாம் கலைந்தபின், கணக்கில் தப்பு நடந்துவிட்டது, ஜெயித்தது ஸ்காட்தான் என்றார்கள். ஸ்காட் 1990-இல் இறந்தார். உரிய கோப்பை அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2021-இல். ஒரு கறுப்பு மெக்கானிக் மேடையேறிக் கோப்பை வாங்கும் படம் எடுக்கப்படாமல் இருப்பதற்காக ஒரு முழுப் பந்தயத்தின் கணக்கே தப்பாக எழுதப்பட்டது என்றுதான் அவரது குடும்பம் கடைசிவரை நம்பியது. நம்பாமல் இருக்க எனக்கும் காரணம் கிடைக்கவில்லை.

ஆங்கிலத்தில் ‘ரேஸ்’ என்றால் பந்தயம், ‘ரேஸ்’ என்றால் இனம். இந்தச் சிலேடையிலிருந்தே இசைத்தட்டுக்குப் போகலாம். 1920-இல் மேமி ஸ்மித் பாடிய ‘கிரேஸி ப்ளூஸ்’ தட்டு நன்றாக விற்றபோதுதான் கறுப்பர்களும் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது. கறுப்பர்களுக்கென்று தனி வரிசை போட்டு ‘ரேஸ் ரெக்கார்டு’ என்று பெயர் வைத்தார்கள். தட்டுக்கே தனிக்குவளை. 1949-இல்தான் பில்போர்டு பத்திரிகை தன் விற்பனைப் பட்டியலில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ என்று மாற்றியது.

இன்று சேகரிப்பாளர்கள் உயிராய்ப் போற்றுகிற பாரமவுண்ட் ரெக்கார்டுகளை வெளியிட்டது யார்? விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்கிற ஒரு கம்பெனி. கிராமபோன் பெட்டிக்கு மரவேலை செய்துகொண்டிருந்தவர்கள், பெட்டி விற்க வேண்டுமானால் தட்டும் வேண்டுமே என்று தட்டு போட்டார்கள். சார்லி பாட்டன், ஸன் ஹவுஸ், ஸ்கிப் ஜேம்ஸ் எல்லாம் அந்த நாற்காலிக் கம்பெனியின் துணைச்சரக்கு. ராபர்ட் ஜான்சன் 1936-இலும் 1937-இலும் டெக்சாஸில் பதிந்தது மொத்தம் 29 பாட்டுகள். 1938-இல் 27 வயதில் செத்துப்போனார். அவர் உயிரோடிருந்தபோது ஓரளவு விற்ற தட்டு ‘டெர்ராபிளேன் ப்ளூஸ்’. டெர்ராபிளேன் என்பது ஹட்சன் கம்பெனி 1930களில் விற்ற ஒரு கார். காரை வைத்துப் பெண்ணைப் பற்றிப் பாடுகிற பாட்டு. அந்தப் பாட்டில் கார் விளையாட்டுப் பொருள் அல்ல, மிசிசிப்பியை விட்டுக் கிளம்பிப் போகிற ஆசை. பருத்திக்காட்டில் குத்தகைக் கடனில் கட்டிப்போடப்பட்டவனுக்குக் கார் என்றால் என்ன என்று சோழவரத்துக்காரர்களால் யோசித்திருக்கவே முடியாது. நான் மேலே சொன்ன இரண்டாம் வகை ஏக்கம் இதுதான்.

பருத்திக்காடு என்றதும் நம் ஊருக்கு வந்தே ஆகவேண்டும். 1861-லிருந்து 1865 வரை அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது லிவர்பூலுக்கு அங்கிருந்து பஞ்சு வருவது நின்றது. திருநெல்வேலிக் கரிசலில் பருத்தி விலை எகிறியது. அடிமை ஒழிப்புப் போர் நடந்த நாட்டுக்கும் கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிக்கும் இடையில் அப்படியொரு கணக்கு ஓடிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே பரவிய கம்போடியா பருத்தி, பெயரில்தான் கம்போடியா. தாவர வகையில் அமெரிக்கப் பருத்தி. 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதே 1936-இல்தான் சான் அன்டோனியோவில் ஒரு ஓட்டல் அறையில் ராபர்ட் ஜான்சன் பாடிக்கொண்டிருந்தார். ஒரே பயிர், ஒரே சந்தை. அந்தப் பயிரை எடுத்தவர்களின் பாட்டு அங்கே தட்டில் ஏறியது. இங்கே ஏறவில்லை. இங்கே பருத்தி எடுத்தவர்கள், கமலை இறைத்தவர்கள் பாடாமலா இருந்தார்கள்? நா. வானமாமலை 1964-இல் ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பைக் கொண்டுவந்தார். பெரிய வேலை. ஆனால் அது காகிதம். குரல் அதில் இல்லை. பாடினவளின் மூச்சு எங்கே உடைந்தது என்று அச்சு சொல்லாது. கிராமபோன் கம்பெனிக்காரனின் லாப வெறி அங்கே தற்செயலாகக் காப்பாற்றிய ஒன்றை, இங்கே லாபமில்லை என்று விட்டுவிட்டான். தட்டு வாங்கக் காசு இல்லாத சனத்தின் குரலைத் தட்டில் ஏற்ற எந்தக் கம்பெனிக்கும் தேவையில்லை.

அடோர்னோ இங்கே குறுக்கே வருவார். 1936-இல் புனைபெயரில் அவர் ஜாஸ் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: அது சுதந்திரம் மாதிரி நடிக்கிற சரக்கு என்பது அவர் வாதம். நம்மில் சிலர் சினிமாப் பாட்டைப் பற்றி எழுதும்போது அடோர்னோவை அப்படியே தமிழ்ப்படுத்திவிடுகிறோம். நான் லீராய் ஜோன்ஸ் (பின்னாளில் அமிரி பராகா) பக்கம். 1963-இல் வந்த ‘ப்ளூஸ் பீப்பிள்’ நூலில் அவர் இசையை இசையாக விட்டுவிடாமல், அடிமையாக இருந்து குடிமக்களாக மாற முயன்ற ஒரு சனத்தின் வரலாறாகப் படித்தார். சரக்குக்குள்ளும் சனம் இருக்கும். அடோர்னோவுக்குச் சரக்கு தெரிந்தது, சனம் தெரியவில்லை. சேகரிப்பாளர்களுக்கோ இரண்டும் தெரிவதில்லை, தட்டு மட்டும் தெரிகிறது.

இந்தச் சேகரிப்பாளர் விஷயத்தை மேரிபெத் ஹாமில்டன் 2007-இல் ஒரு புத்தகமாகவே எழுதினார். இன்று ‘அசல் டெல்டா ப்ளூஸ்’ என்று நாம் கேட்பது, நூற்றாண்டின் நடுவில் பழைய தட்டுகளைத் தேடித் திரிந்த வெள்ளை இளைஞர்கள் தங்கள் ஏக்கத்துக்கு ஏற்பக் கட்டமைத்த மரபு என்பது அவர் வாதம். 1920களில் கறுப்பர்கள் உண்மையில் வாங்கிக் கேட்டது மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் முதலான பெண்களை. பட்டாடை, இறகுத் தொப்பி, நாடகக் கொட்டகை, கூட்டம். சேகரிப்பாளர்களுக்கு அது பிடிக்கவில்லை. அதிகம் விற்ற தட்டு அபூர்வமானது அல்ல, அபூர்வமில்லாதது அசலும் அல்ல. யாருமே வாங்காத, தனியாகக் கிட்டார் மீட்டிக்கொண்டு புலம்புகிற ஆண்தான் அசல் என்று ஆனது. ஏஞ்சலா டேவிஸ் 1998-இல் அந்தப் பெண்களின் பாட்டுகளைத் திரும்ப எடுத்து, அவற்றில் வேலைக்குப் போகிற, கணவனிடம் அடிவாங்க மறுக்கிற, ஆசையை வெட்கமில்லாமல் சொல்கிற பெண்ணிலை அரசியலைக் காட்டும்வரை இந்தப் படிநிலை அசையவில்லை. பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். 1970 வரை கல்லறையில் கல்லே கிடையாது.

தமிழுக்கு வருகிறேன். இங்கே முதலில் ரெக்கார்டில் பாடின பெண்கள் யார்? 1902-இல் கல்கத்தாவில் பாடிய கௌஹர் ஜான் ஒரு தவாயிஃப். தெற்கே கோயமுத்தூர் தாயி, சேலம் கோதாவரி, காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், பெங்களூர் நாகரத்தினம்மாள், எல்லோரும் தேவதாசிக் குடும்பங்களில் வந்தவர்கள். குடும்பப் பெண் என்று சொல்லிக்கொண்ட சாதியார் பாட்டுக்குத் தங்கள் பெண்களை அனுப்ப யோசித்துக்கொண்டிருந்த நாளில், அந்தப் பித்தளைக் குழாய்க்கு முன்னால் நின்று மூன்று நிமிஷத்துக்குள் ராகத்தை அடக்கிக் காட்டியவர்கள் இவர்கள். தாயியின் தட்டைக் கேட்டுத்தான் மாரிஸ் தெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் ‘ராகமாலிகா’ என்ற பாடலை அமைத்தார். பாரிஸ் வரைக்கும் போன குரல். கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் தன் பெயரை உரக்கச் சொல்வார். தட்டு அச்சாவது ஜெர்மனியில். யார் பாடியது என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியவேண்டுமே. எனக்கு அந்த ஒரு நொடி, அவர் பாடிய தும்ரிகளைவிடப் பெரிதாகப் படுகிறது. தன் பெயரைத் தானே தட்டில் வெட்டிவைத்துவிட்டுப் போனாள் ஒருத்தி.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். 1930களில் சபா இசை ‘தூய்மை’ பெற்றது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. வரவேண்டிய சட்டம், முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் போராடிப் பெற்றது, அதில் எனக்கு இரண்டு கருத்தில்லை. ஆனால் ஒழிந்தது முறை மட்டுமா? அந்தப் பெண்களின் கலை வேறு கைகளுக்குப் போனது, அவர்களுக்கு மிஞ்சியது அந்தச் சொல்லின் அவமானம். இன்று அவர்கள் தட்டுகளைத் தேடி வைத்திருக்கிற ரசிகர்கள், ‘அந்த நாள் பாடாந்தரம்’, ‘தெய்வீகம்’ என்று பேசுவார்கள். குரல் தெய்வீகம், குடும்பம் வாயில் சொல்லக்கூடாதது.

மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றினால் 2018 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். எங்கள் ராஜபாளையத்தில் ஜனவரி 7 அன்று தினமணி நடத்திய கூட்டத்தில் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிய கட்டுரையை வாசித்தார். ஆங்கில ஆய்வுநூல் ஒன்றை மேற்கோள் காட்டி, ஆண்டாள் தேவதாசியாக வாழ்ந்தவர் என்ற கருத்து ஒன்று உண்டு என்றார். பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிற வில்லிபுத்தூரில் வெடித்தது. போராட்டம், ஜீயரின் உண்ணாவிரதம், பாரதிய ஜனதாக் கட்சிக்காரர்களின் கெட்ட வார்த்தைகள், தினமணி ஆசிரியர் கோயிலுக்கே வந்து மன்னிப்பு. அந்த மேற்கோள் ஆய்வாக நிற்குமா என்பது வேறு விஷயம் (நிற்காது என்றுதான் நினைக்கிறேன், ஆண்டாள் பிரதியைப் படிக்க அந்த மேற்கோள் தேவையும் இல்லை). என்னை உறுத்தியது வேறு. ஒரு பக்கம் ‘எங்கள் தாயாரை தாசி என்கிறாயா’ என்றார்கள். மறுபக்கம் வைரமுத்துவுக்கு ஆதரவாகப் பேசிய நம் முற்போக்கு நண்பர்களில் பெரும்பாலோர் ‘அவர் அப்படிச் சொல்லவே இல்லை’ என்றார்கள். அந்தச் சொல் வசைச்சொல் என்பதில் இரண்டு தரப்பும் ஒற்றுமை. அந்தக் குடும்பங்களில் வந்த பாட்டிகளின், பேத்திகளின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கோதாவரியின் தட்டை ஏலத்தில் எடுக்கிறவரும் கோதாவரியைத் தன் பாட்டி என்று சொல்லமாட்டார். அமெரிக்கச் சேகரிப்பாளர் ராபர்ட் ஜான்சனை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டில் கறுப்பர் குடிவந்தால் முகம் சுளித்ததற்கு இதில் பாடம் உண்டு.

இதே வட்டாரத்திலிருந்து இன்னும் இரண்டு பேர். செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் சிறு வயதிலேயே இறந்தார். அவர் குரலும், அவருக்கும் கே. பி. சுந்தராம்பாளுக்கும் இருந்த காதலும் நம் கிராமபோன் ஏக்கத்தின் மையக் கதையாடல். சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸ் மருத்துவர் சாதி. மேடையில் வெள்ளையனுக்கு எதிராகப் பாடிப்பாடி ஜெயிலுக்குப் போனவர். அவர் சாதியைச் சொல்லிக் கூட நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. 1940-இன் கடைசி நாளில் சென்னையில், முருகன் வேஷத்தில், மேடையிலேயே உயிர்விட்டார். ‘அந்தக் கால நாடக மேடை’ பற்றி உருகுகிற எத்தனை பேர் கிட்டப்பாவுக்குப் பக்கத்தில் தாஸை வைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இந்தத் தட்டுகளை எங்கள் சனம் எங்கே கேட்டது? ரோஸ்வுட் பெட்டி இருந்த வீடுகள் ராஜபாளையத்தில் இருந்தன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டவர்கள் தெருவுக்கு நாலு பேர். மீதிப்பேர் கேட்டது மைக்செட்டில். சடங்கு வீடு, கல்யாணம், பொங்கல், கொடை. வேப்பமரத்தில் குழாயைக் கட்டி, பேட்டரியோ கரண்டோ இழுத்து, மைக்செட்காரர் ரெக்கார்டு பெட்டியைத் திறந்து உட்கார்ந்தால் விடிய விடியப் பாட்டு. குழாய்ச் சத்தம் கரிசல்காட்டில் ரெண்டு மைல் போகும். பருத்தி எடுத்துக்கொண்டே கேட்போம் என்பாள் என் பாட்டி. “பாட்டு போட்டா அன்னைக்கு ரெண்டு வீசை கூட எடுத்துருவோம்” என்று சிரிப்பாள். பெட்டியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. மைக்செட் வந்த வீட்டுக்கு அவள் தெருவிலிருந்து யாரையும் கூப்பிடவும் மாட்டார்கள். ஆனால் குழாயிலிருந்து வருகிற சத்தத்துக்கு வாசல் தெரியாதே. ஸ்டீபன் ஹியூஸ் 2002-இல் தமிழ்நாட்டு கிராமபோன் வணிகம் பற்றி எழுதியபோது, தட்டு வாங்காத சனமும் கேட்டது என்பதில்தான் இங்கே வெகுசனப் பண்பாடு உருவானதைப் பார்த்தார். நம் சேகரிப்பாளர் நினைவுக் குறிப்பில் இந்தக் குழாய் வராது. வந்தாலும் ‘இரைச்சல்’ என்று வரும்.

மைக்செட்டைப் புனிதமாக்கவும் நான் தயாரில்லை. குழாயை எந்தத் தெருப் பக்கம் திருப்புவது என்பது எங்கள் மாவட்டத்தில் ஒருநாளும் சாதாரண விஷயமாக இருந்ததில்லை. 1992-இல் ‘தேவர் மகன்’ வந்தபின் அதில் வந்த ஒரு பாட்டை எதிர்த்தெருவைப் பார்த்துப் போட்டு வம்புக்கிழுத்த கதைகள் தெற்கே ஊருக்கு ஊர் உண்டு. இன்று அதே பாட்டு ‘தொண்ணூறுகளின் மெலடி’ என்று ஏக்கப் பட்டியலில் ஏறிவிட்டது. பாட்டு நல்ல பாட்டு. யாருக்கு நல்ல பாட்டு? அதே சமயம், இன்குலாப் எழுதி கே. ஏ. குணசேகரன் பாடிய ‘மனுசங்கடா’ போன ஊர்களுக்கெல்லாம் குரலாகத்தான் போனது, மேடையிலும் கேசட்டிலும். கேசட்டுக்கு இன்னும் ஏலச்சந்தை வரவில்லை. வரும்.

கார் விஷயத்திலும் உள்ளூர்க் கதை ஒன்று பாக்கி இருக்கிறது. எங்களுக்கு வண்டி என்றால் ஃபார்முலா கார் கிடையாது, பஸ். பஸ் பிரியர்கள் என்று ஒரு கூட்டம் இப்போது உண்டு. பாண்டியன், கட்டபொம்மன், சேரன், சோழன், பல்லவன் என்று போக்குவரத்துக் கழகங்களுக்குப் பெயர் இருந்த நாட்களின் படங்களைத் தேடிச் சேர்க்கிறார்கள். அந்த பெயிண்ட், அந்த எழுத்து, அந்த ஹாரன். எனக்கும் அது பிடிக்கும். அந்தப் பெயர்கள் ஏன் போயின என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும். 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாக வைத்து ஒரு புதுப் போக்குவரத்துக் கழகம் பிரித்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்து செத்தவர், தேவேந்திரர். கட்டபொம்மன் பெயர் எழுதிய பஸ்ஸில் இருபது வருஷத்துக்கு மேல் ஏறி இறங்கினவர்களில் ஒரு பகுதியினர், சுந்தரலிங்கம் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். கல்லெறி, தீவைப்பு, கலவரம், சாவு. அந்த வருஷமே அரசு எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. சமத்துவம்! ஒரு பெயரைப் பொறுக்க முடியாத சாதி மனசுக்காக இருந்த அத்தனை பெயரும் அழிந்தன. இன்று ‘பாண்டியன் ரோடுவேஸ்’ படத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறவருக்கு அந்த ஏக்கத்தை உண்டாக்கிக் கொடுத்ததே 1997 கலவரம்தான். சோழவரத்து மெக்கானிக்குக்குப் பெயர் இல்லாதது ஒரு வகை. பெயரை எழுதியபின் வண்டியை உடைத்தது இன்னொரு வகை.

ஏக்கமே வேண்டாம் என்பவர்களோடு நான் இல்லை. பழசைக் கேட்காதே, பார்க்காதே என்பது வறட்டுத்தனம். நண்பர் வீட்டில் பெஸ்ஸி ஸ்மித்தை இனியும் கேட்பேன். ஆனால் கேட்கும்போது அந்தத் தட்டை அதன் உறை, உறையின் தேதி, அச்சு எண் இவற்றோடு மட்டும் படிக்காமல் பாடினவள், அழுத்தினவன், சுமந்தவன், தூரத்தில் நின்று கேட்டவள் என்று படித்துப் பழக வேண்டியிருக்கிறது. அதற்குத் தகவல் வேண்டும். தகவல் சேகரிப்பாளர்களிடம் இல்லை, தொழிலில் இருந்தவர்களிடம் இருக்கிறது, அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ராஜபாளையம், வில்லிபுத்தூர், சத்திரப்பட்டி, வத்திராயிருப்புப் பக்கம் மைக்செட் வைத்திருந்தவர்களையும் லேத்துப் பட்டறைக்காரர்களையும் நாங்கள் நாலைந்து பேர் போய்ப் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். சிலர் பேசுகிறார்கள். சிலர் ‘அதெல்லாம் எதுக்குய்யா இப்ப’ என்கிறார்கள்.

போன இடங்களில் கிடைத்த பழைய தட்டுகளில் ஒன்றைக் கவனித்தோம். நடுவில் இருக்கிற வட்ட லேபிளில் மைக்செட்காரர்கள் தங்கள் கடைப் பெயரையும் ஊரையும் வரிசை எண்ணையும் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரே கல்யாணத்துக்கு இரண்டு செட் வந்தால் தட்டு மாறிப்போகக்கூடாது என்பதற்காக. சிலவற்றில் பாட்டின் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. கீறல் விழுந்த பாட்டு, போடாதே என்று அர்த்தமாம். இதைச் சொன்னதும் நண்பர் தனக்குத் தெரிந்த விஷயத்தைச் சொன்னார். பழைய தட்டு வாங்கி விற்கிறவர்கள் தரம் பிரிக்கும்போது லேபிளில் கையெழுத்து இருந்தால் ஒரு படி கீழே தள்ளுவார்கள், விலை குறையும். விவரம் தெரிந்த சிலர் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் அந்த எழுத்தைத் துடைத்துவிட்டு விற்பதும் உண்டாம்.